எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவது

1

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு என் மகள் ஹன்னாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘லாபிஸ் வந்து சேந்துட்டேன்பா. இங்க பயங்கர மழை. சபாத் ஷாலோம். நாளைக்குப் பொழுது சாஞ்சப்புறம் பேசுறேன்.’ ‘பத்திரம்’ என்று பதில் அனுப்பினேன். அது போய்ச் சேராமல் ஒற்றைக் குறியோடு நின்றது. போனை அணைத்துவிட்டாள்.

அது புதிதல்ல. சபாத் என்பது ஓய்வுநாளுக்கு அவள் சொல்லும் எபிரேயச் சொல். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை பொழுது சாயும்வரை அவள் போனைத் தொடமாட்டாள், அடுப்பு மூட்டமாட்டாள், கடையில் எதுவும் வாங்கமாட்டாள். தம்போயில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சுராவ் இருக்கிறது, சிறிய தொழுகைக்கூடம். வீட்டில் இருக்கும் வாரங்களில் ஹன்னா பொழுது சாயும் முன்பே மேசையில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருப்பாள். சுராவிலிருந்து மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்கான அழைப்பு எழுந்ததும் போனை அலமாரிக்குள் வைத்து மூடுவாள். ஜோகூரில் இஸ்லாமியத் தொழுகை அழைப்பைக் கேட்டு யூத ஓய்வுநாளைத் தொடங்கும் இயேசு விசுவாசி என் மகள். இதை என் சொந்த ஊரில் யாருக்கும் விளக்க என்னால் இதுவரை முடியவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவி கிரேஸ் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“என்னங்க, லாபிஸ் பக்கம் ஆறு ஏறுதாம். கம்பத்து ரோடெல்லாம் தண்ணி வெட்டிருச்சாம்.” கம்பம் என்றால் இங்கே கிராமம்.

ஹன்னாவை அழைத்தோம். அவள் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் தாவீது அங்கிளை அழைத்தோம், அவர் மனைவியை அழைத்தோம். அந்த வீட்டில் அன்று கூடியிருந்தவர்களில் எங்களுக்குத் தெரிந்த எல்லா எண்களையும் அழைத்தோம். பத்துப் பேர் இருக்கும் வீட்டில் ஒரு போனுக்கும் உயிர் இல்லை. எப்படி இருக்கும்? எல்லோரும் ஒரே சட்டத்தின் கீழ் இருப்பவர்கள்.

இப்போது சில வாரங்கள் ஆகிவிட்டன. இன்னும் மழை பெய்தால் என் கை தானாகப் போனைத் தேடுகிறது. எழுதிவிட்டால் கொஞ்சம் தணியுமோ என்றுதான் எழுதுகிறேன்.

2

இது எங்கே தொடங்கியது என்று கேட்டால், ஜோகூரின் வார விடுமுறையில் தொடங்கியது என்பேன்.

இந்த மாநிலத்தில் பல ஆண்டுகள் வெள்ளியும் சனியும்தான் விடுமுறையாக இருந்தன. ஞாயிறு வேலைநாள், பள்ளிநாள். நான் இங்கே வேலைக்கு வந்தபோது எல்லா இடத்தையும்போல ஞாயிறு விடுமுறைதான் இருந்தது. நடுவில் மாறியது. அப்போது எங்கள் தமிழ்ச் சபை ஆராதனையைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றிக்கொண்டது. ஞாயிறு பள்ளியும் சனிக்கிழமையில் நடந்தது. பெயர் மட்டும் ஞாயிறு பள்ளியாகவே இருந்தது. யாருக்கும் அது விநோதமாகத் தோன்றவில்லை. ஹன்னா வசனம் ஒப்புவித்ததும், பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு அவளே ஆசிரியையாகப் பாடம் நடத்தியதும் சனிக்கிழமைகளில்தான். அவள் வளர்ந்த வருடங்களில் கர்த்தருடைய நாள் என்றால் சனிக்கிழமை.

பிறகு அரசாங்கம் விடுமுறையைச் சனி, ஞாயிறு என்று திருப்பியது. சபையும் ஞாயிற்றுக்குத் திரும்பியது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு ஊரில் இருப்பதுபோலவே இருந்தது. ஹன்னா மட்டும் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

“அப்பா, லீவு மாறுனா ஓய்வுநாளுமா மாறும்?”

“ஞாயிறுதாம்மா நம்ம நாள். கர்த்தர் உயிர்த்தெழுந்த நாள்.”

“அப்ப இத்தன வருஷம் சனிக்கிழம கும்பிட்டது?”

“அது வசதிக்கு.”

“சரிப்பா. வசதிக்கு மாத்துனது எது? சனியா, ஞாயிறா?”

நான் வேதாகமக் கல்லூரியில் படித்தவனல்ல. மின்னணுப் பொருள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். ‘சாப்பிடு, ஆறிப்போகுது’ என்று சொன்னதாக நினைவு. அந்தக் கேள்விக்கு அவளே பதில் தேடப் போனாள். தேடியவளுக்கு லாபிஸில் தாவீது அங்கிள் கிடைத்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமும் கோழிகளும் வைத்திருக்கிறார். அவர் வீட்டில் சனிக்கிழமைதோறும் சிலர் கூடி மோசேயின் ஐந்து புத்தகங்களையும் பிறகு சுவிசேஷத்தையும் வாசிக்கிறார்கள். அந்த ஐந்து புத்தகங்களை அவர்கள் தோரா என்கிறார்கள். இயேசுவை யேசுவா என்கிறார்கள். அவரையே மேசியா என்று நம்புகிறார்கள். அவர் கடைப்பிடித்ததைத் தாங்களும் கடைப்பிடிக்க வேண்டும் என்கிறார்கள்.

ஹன்னா முதலில் பன்றி இறைச்சியை விட்டாள். எங்கள் வீட்டில் அது அபூர்வம், யாரும் கவனிக்கவில்லை. பிறகு இறால், நண்டு, கணவாய். பிறகு ஒருநாள் மிளகாய்ச் சம்பலைத் தள்ளிவைத்தாள், அதில் பெலாச்சான் இருக்கிறது என்று. இறாலை அரைத்துப் புளிக்க வைக்கும் கட்டி அது. இந்த நாட்டில் அது இல்லாத சமையலறை கிடையாது.

“பன்னி வேணாம், சரி. நண்டு வேணாம், சரி. பெலாச்சான் இல்லாம சம்பலா?” என்றாள் கிரேஸ். “நான் பத்து பாகாட் ஊர்ல பொறந்து சம்பல்ல வளந்தவடி. அதுக்கு என்னயக் கொன்னுட்டுப் போ.”

“அம்மா, நெத்திலி சாப்பிடலாம்மா. நெத்திலிக்குச் செதில் இருக்கு, வேதம் தடுக்கல.”

“பெரிய மனசு.”

அடுத்த வீட்டு மலாய்க்கார ரொக்கியா அக்காவுக்கு இந்தச் செய்தி எப்படியோ போய்விட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மலாயில் கேட்டார், ஹன்னா பன்றி சாப்பிடுவதில்லையாமே என்று. முகத்தில் ஒரு மலர்ச்சி. இறாலும் சாப்பிடுவதில்லை என்று கிரேஸ் சொன்னதும் அந்த மலர்ச்சி குழப்பமாகிவிட்டது. “அலமாக்! இறால் நாங்களே சாப்பிடுவோமே! எங்களவிடக் கண்டிப்பா இருக்கே உங்க பொண்ணு. அப்ப அவ என்ன?”

அப்ப அவ என்ன. அதற்குப் பிறகு நான் போன இடமெல்லாம் இந்தக் கேள்விதான்.

3

என் தொழிற்சாலையில் பெயர்ச்சீட்டு ஒட்டாத பெட்டி வாசலைத் தாண்டாது. உள்ளே இருப்பது எவ்வளவு நல்ல பொருளாக இருந்தாலும் சரி, ஒதுக்கி வைத்துவிடுவோம். இத்தனை வருடம் இதே வேலை பார்த்தவனுக்கு மகளை ஒரு சீட்டும் இல்லாமல் வைத்திருப்பது எளிதாக இருக்கவில்லை.

ஊரிலிருந்து என் தங்கை அழைத்தாள். எங்கள் ஊர் நாசரேத்துக்குப் பக்கம், இயேசுவின் ஊர் அல்ல, தென்தமிழ்ச் சீமையில் அதே பெயருள்ள ஊர்.

“ஏ அண்ணே, பிள்ள வேற வேதத்துக்குப் போயிட்டாளாமே? ஸ்டார் கட்டல, மரம் வைக்கல, கிறிஸ்துமஸ் ஆராதனைக்கே போகலன்னு மதினி சொல்லுதா. மெய்தானா?”

“வேற வேதம் இல்ல. அதே வேதம்தான். கொஞ்சம் முன்பக்கத்துலேர்ந்து படிக்கா.”

“அதுக்கு என்ன பேரு?”

ஹன்னாவிடமே கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அன்றே அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன்.

“நீங்க யூத மார்க்கமா?”

“மெதுவாப் பேசுங்க” என்றாள் கிரேஸ், ஜன்னலை மூடிக்கொண்டே. “யாஹுடின்னு யார் காதுலயும் விழுந்துறக் கூடாது.”

அவள் பயம் நியாயமானது. யாஹுடி, யூதன் என்ற அந்தச் சொல்லை இந்த நாட்டில் நாலு பேர் இருக்கும் இடத்தில் சொல்ல எனக்கும் துணிச்சல் கிடையாது.

“நாங்க யூதர் இல்லப்பா” என்றாள் ஹன்னா. “தமிழ்ப் புள்ள போய் யூதர்னு சொல்லிக்கிட்டா அது பொய். அவங்களுக்கும் மரியாத இல்ல.”

“மெசியானிக்குன்னு படிச்சேனே.”

“அது யூதராப் பொறந்து யேசுவாவ நம்புறவங்க பேரு. எரவல் வாங்கக் கூடாது.”

“ஹீப்ரூ ரூட்ஸ்?”

“அவங்க யூடியூப்ல சண்ட போடுறவங்கப்பா.”

“தோரா கைக்கொள்கிறவங்க, அப்படின்னு சொல்லலாமா?”

“கைக்கொள்றேன்னு மார்தட்டுற அளவுக்கு நான் ஒழுங்கு இல்ல. மொத சீடர்களுக்கு நசரேயர்னு பேரு இருந்துச்சு. ஆனா அதுக்கு நீங்கதான் சரியான ஆளு. நாசரேத்துலேருந்து வந்திருக்கீங்க.” அவளே சிரித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“சிரிக்காத. வீடு பத்தி எரிஞ்சாலும் சனிக்கிழம போன் எடுக்கமாட்டியா? அத மட்டும் சொல்லு.”

“மொதல்ல பத்தட்டும்பா, அப்பறம் பாக்கலாம்.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை இரவு முழுவதும் அந்தப் பதில்தான் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

சபையிலும் கேட்டார்கள். எங்கள் போதகர் கடுமையானவர் அல்ல. ஆராதனை முடிந்து என் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். “தம்பி, கமிட்டில கேக்குறாங்க. சின்னப் புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்குற பொண்ணு. அவ கிறிஸ்தவளா இல்லையா, ரெண்டுல ஒன்னு தெரியணும்ல? மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க.” நான் தலையாட்டினேன். மாசக் கடைசிக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் லாபிஸில் தண்ணீர் ஏறியது.

4

சனிக்கிழமை விடிந்ததும் காரை எடுத்தோம். நெடுஞ்சாலையில் யோங் பெங் வரை போய், அங்கிருந்து லாபிஸ் பாதை. வழியெல்லாம் மழை. கிரேஸ் மடியில் போனை வைத்து, அழைப்பதும் நிறுத்துவதுமாக இருந்தாள்.

“போன மட்டும் தொறந்து வச்சிருந்தா” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “போன மட்டும் தொறந்து வச்சிருந்தா இவ்ளோ கஷ்டம் இல்ல.”

தண்ணீரைவிட எனக்கு வேறொரு பயம் இருந்தது. அதை அவளிடம் சொல்ல முடியாது. தண்ணீர் வீட்டுக்குள் வந்தபிறகும் போனைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, அதைத் திறக்காமல், என் மகள் உட்கார்ந்திருப்பாளோ என்பதுதான் அது. நாங்கள் இங்கே துடித்துக்கொண்டிருப்போம் என்று தெரிந்தும் திறக்காமல். அப்படி இருந்தால் எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் என்ன மிச்சம் இருக்கிறது?

வழியில் போதகர் அழைத்தார்.

“தம்பி, சபையில எல்லாரும் ஜெபம் பண்றோம். அங்க போய் யாராச்சும் எந்தக் கூட்டம்னு கேட்டா, குழப்பாதீங்க. கிறிஸ்தவப் பொண்ணு, நம்ம சபைப் பொண்ணுன்னே சொல்லுங்க. கமிட்டிய நான் பாத்துக்கிறேன்.”

மாதக்கணக்காக நான் தேடிக்கொண்டிருந்த சீட்டை யாரோ எழுதிக் கையில் கொடுத்ததுபோல் இருந்தது.

லாபிஸ் நகரம் தண்ணீருக்கு மேலேதான் இருந்தது. அதைத் தாண்டி உள்ளே போகும் சாலைகள்தான் இல்லை. பள்ளிக்கூட மண்டபம் ஒன்றை நிவாரண மையமாக்கியிருந்தார்கள். வாசலில் மேசை போட்டு ஒரு போலீஸ் அதிகாரி உட்கார்ந்திருந்தார். என் மகள் என்று நான் என் மலாயில் ஆரம்பித்தேன்.

“அனாக் சாயா… ஹன்யுட்.”

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பின்னால் இருந்த இருவரும் எழுந்தார்கள். கிரேஸ் என் கையைப் பிடித்து இழுத்தாள். “ஹிலாங்! ஹிலாங்னு சொல்லுங்க! ஹன்யுட்னா தண்ணி அடிச்சிட்டுப் போச்சுன்னு அர்த்தம்!” பிறகு அவளே பேசினாள். மகள் காணவில்லை, தண்ணீரில் போனதை யாரும் பார்க்கவில்லை, எங்கே இருக்கிறாள் என்றுதான் தெரியவில்லை. இருபது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருந்தும், பயந்தால் எனக்கு மலாய் வருவதில்லை. நான் சொன்ன அந்தச் சொல் என் வாயிலேயே கசந்துகொண்டு கிடந்தது.

அதிகாரி நல்ல மனிதர். தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டுக் கேட்டார், மகள் எந்த வீட்டில், எந்தக் கூட்டத்தோடு இருந்தாள் என்று. தாவீது அங்கிள் வீட்டுக்கு நாங்கள் போனதே இல்லை. ஹன்னா பலமுறை கூப்பிட்டிருக்கிறாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என்பதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தாவீது என்ற பெயரைச் சொன்னேன், அது யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

“கிறிஸ்தியன்” என்றேன். “கெரேஜா கூட்டம்.” தேவாலயத்துக்கு மலாயில் கெரேஜா. போதகர் சொன்னபடியே சொன்னேன்.

அவர் முகம் தெளிந்தது. வயர்லெஸ்ஸில் யாரிடமோ பேசினார். சிறிது நேரத்தில் திரும்பி வந்து, உள்ளே இருந்த தமிழ்க் கெரேஜா ஆட்கள் எல்லோரும் இரவே வெளியே வந்துவிட்டார்கள், ஒருவர்கூட விடுபடவில்லை, ஊர் முனையில் உள்ள தேவாலய மண்டபத்தில் இருக்கிறார்கள் என்றார். கிரேஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அங்கேயே நின்று என் தங்கைக்குப் போன் போட்டேன். “கிடைச்சிட்டா” என்றேன்.

5

தேவாலய மண்டபத்தில் பாய்களும் பிள்ளைகளும் ஈரத்துணிகளுமாக இருந்தது. கிரேஸ் ஒவ்வொரு பாயாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். கடைசிப் பாய் வரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

சபை மூப்பர் ஒருவர் தேநீர்க் கோப்பையோடு வந்தார். நான் சொன்னேன், தாவீது அங்கிள் வீட்டில் கூடுகிறவர்கள் என்று. அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அவங்களா? அவங்க எங்க ஆளுங்க இல்லிங்களே.”

“போலீஸ்ல எல்லாரும் வந்துட்டாங்கன்னு சொன்னாங்க. நான் கெரேஜான்னு சொல்லித்தான் கேட்டேன்.”

“அதான் தப்பாப் போச்சுங்க. கெரேஜான்னு கேட்டாங்க, நாங்க எங்க சபையாரப் பாத்துட்டு எல்லாரும் இருக்காங்கன்னு சொன்னோம். அவங்க நம்மகிட்ட வர்றதே இல்ல. ஞாயித்துக்கெழமையும் இல்ல, நல்ல நாளும் இல்ல. அவங்க ஞாபகமே வரல, மன்னிச்சிருங்க.”

அவர் பொய் சொல்லவில்லை, வெறுப்பாகவும் சொல்லவில்லை. யாரும் யாரையும் வேண்டுமென்று விடவில்லை. சரியான சீட்டை ஒட்டிவிட்டேன் என்ற நிம்மதியில் நான் ஒரு மணிநேரம் இருந்தேன். அந்த ஒரு மணிநேரத்தில் அவளைத் தேட யாரும் போகவில்லை.

உள்பகுதி ஆட்கள் சிலர் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இருக்கிறார்கள், அங்கே கேட்டுப் பாருங்கள் என்றார் மூப்பர். அவரே குடை பிடித்துக்கொண்டு கார் வரை வந்தார்.

கோயில் மண்டபத்துக்குப் பின்னால் பெரிய அண்டாவில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. கரண்டியோடு நின்ற பெண்ணை எல்லோரும் சரசு அக்கா என்று கூப்பிட்டார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர், இரவில் வெளியே வந்தவர். அவரிடம் போய்த் தாவீது அங்கிள் வீடு என்றேன், அவருக்குப் புரியவில்லை. அந்தக் கூட்டத்துக்கு எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியவில்லை. கிறிஸ்தவர் என்று சொன்னதன் பலனைப் பார்த்தாகிவிட்டது. மெசியானிக் என்றால் இவருக்கு என்ன புரியும்? யூதர் என்ற சொல்லை இங்கே எடுக்கவே முடியாது.

“எந்த ஆளுங்கங்க?” என்றார், கிண்டிக்கொண்டே.

“அவங்க… இயேசுவக் கும்பிடுறவங்கதான். ஆனா சர்ச்சுக்குப் போகமாட்டாங்க. சனிக்கிழம வேல செய்யமாட்டாங்க. நண்டு, இறாலு சாப்பிடமாட்டாங்க. துணி ஓரத்துல இப்படி நீல நூல் வச்சுத் தொங்கல் கட்டிருப்பாங்க…” தோராவில் சொன்னபடி ஹன்னா கட்டிக்கொள்வதைக் கையால் இடுப்பில் காட்டினேன்.

“அட, முட்டைக்காரங்களா!” கரண்டி நின்றது. “ரயில்காரரு வூடு! இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? சனிக்கிழமைக்காரங்கன்னு சொன்னா எங்க தோட்டத்து லயத்து வூடுங்கள்ல எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழம போய் முட்ட கேட்டா விக்கமாட்டாரு. சும்மா எடுத்துக்கிட்டுப் போ, நாளைக்கு வா, காசு பேசிக்கலாம்னுவாரு. அதனாலயே நாங்க வெள்ளிக்கெழமையே வாங்கி வச்சிருவோம்.”

“அவங்க வெளிய வந்தாங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் விஷயம் புரிந்தது போலிருந்தது. “வரலிங்களே. அவங்க வூடு கடைசி. நேத்து எட்டு மணி வாக்குல கரண்டு, போன் லைனு எல்லாம் போச்சு. நாங்க இருட்டுல பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தோம். அவங்கள யாரோ கூட்டியாருவாங்கன்னு நெனச்சோம்.” கரண்டியைப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டுச் சத்தம் போட்டார். “முருகையா! அந்த டிராக்டர எடு! ரயில்காரரு வூட்டுல ஆளு இருக்கு!”

முருகையா அவருடைய தம்பி, தோட்டத்து டிராக்டர் ஓட்டுபவர். எங்களோடு பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்து, வரைபடத்தில் இடத்தை அதிகாரிக்குத் தொட்டுக் காட்டினார். தண்டவாளக் கரையை ஒட்டி ஒரு மண்பாதை மேடாகப் போகிறது, டிராக்டர் போகும் என்றார். இரண்டு காவலர்கள் கயிற்றோடு அவருடன் ஏறினார்கள். நானும் ஏறப் போனேன். “நீங்க வேணாம் சார்” என்றார் முருகையா. “வர்றப்ப எடம் வேணும்ல?”

6

பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. கோயில் மண்டபத்துக்குத் திரும்பி, படியில் நானும் கிரேஸும் உட்கார்ந்திருந்தோம். சரசு அக்கா இரண்டு தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தார். அதுவரை நான் கவனித்திராத ஒரு தூக்குப்பாத்திரமும் அவர் கையில் இருந்தது.

“இது ஒங்க புள்ளைக்கு. படையலுக்கு முன்னாடியே தனியா எடுத்துட்டேன். படைச்சத அவங்க தொடமாட்டாங்க. ரயில்காரரு பொண்டாட்டி எங்க வூட்டுக்கு வந்தாலும் அப்படித்தான், கேட்டுட்டுத்தான் சாப்பிடும்.”

கிரேஸ் பாத்திரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்தாள். “பெலாச்சான் இல்லல்ல அக்கா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. அங்கே எங்களுக்கு வேதக்காரர் என்று பெயர். நாங்கள் வைத்துக்கொண்ட பெயரல்ல. என் தாத்தாவின் தகப்பனார் காலத்தில் அக்கம்பக்கத்தார் வைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஏர் பூட்டாதவர்கள், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி கொடுக்காதவர்கள், கையில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு திரிகிறவர்கள். சொந்தக்காரர்களே அந்தப் பெயரைச் சொல்லித்தான் விலக்கி வைத்தார்களாம். பிறகு அதே பெயரில் தெரு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. என் காலத்தில் அது ஒரு கௌரவம். என் தாத்தாவின் தகப்பனாருடைய அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. அவளும் எங்கோ ஒரு படியில் உட்கார்ந்து, அவன் இப்போ என்ன, அவன் யாரு என்று தலையைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பாள்.

இப்படியெல்லாம் நினைத்தாலும் கோபம் போகவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். வரட்டும், முதலில் உயிரோடு வரட்டும், பிறகு கேட்கிறேன் என்றுதான் இருந்தேன். கடவுள் ஓய்வெடுக்கச் சொன்னார், பெற்றவர்களைச் சாகடிக்கச் சொன்னாரா என்று கேட்க வேண்டும். வாக்கியத்தைக்கூட மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன்.

மண்பாதையில் டிராக்டர் மெல்லத்தான் போக முடிகிறது என்று மதியம் செய்தி வந்தது. மழை விட்டது. வெளிச்சம் குறைந்தது. ஊருக்குள்ளிருந்து மஃரிப் அழைப்பு கேட்டது. என்னையறியாமல் என் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அவள் கணக்கில் ஓய்வுநாள் முடிந்துவிட்டது. இனி அவள் போனைத் திறக்கலாம். அந்த ஒற்றைக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மாறவில்லை.

முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு தெருமுனையில் டிராக்டரின் ஒற்றை விளக்கு. பின்னால் இணைத்திருந்த வண்டியில் ஆட்கள் நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும் இருந்தார்கள். தாவீது அங்கிள் போர்வைக்குள் இருந்தார். இரவில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும் எல்லோரும் தண்டவாள மேட்டில் ஏறி, பழைய ரயில்வே கொட்டகை ஒன்றில் இருந்திருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது நான் பார்த்தது, வண்டியின் பின்பக்கத்திலிருந்து சேறு படிந்த இரண்டு கால்கள் இறங்குவதை. இடுப்பில் தொங்கல்கள் நீலம் தெரியாமல் சேற்றில் ஊறிக் கனத்துத் தொங்கின.

கிரேஸ் ஓடினாள். தூக்குப்பாத்திரத்தோடு ஓடினாள். நான் போனைப் பிடித்தபடியே படியிலிருந்து எழுந்தேன். தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் வரவில்லை.

ஹன்னா அம்மாவின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள். நான் என்ன கேட்கப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு சட்டைக்குள்ளிருந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த தன் போனை எடுத்துக் காட்டினாள். திரை கறுப்பாக இருந்தது.

“நேத்து எட்டு மணிக்கே தொறந்துட்டேன்பா” என்றாள். “தண்ணி படியத் தொட்டதும் மொதல்ல தொறந்தது நான்தான். லைனே இல்ல. பேட்டரி சாவுற வரைக்கும் ஒங்களுக்குத்தான் அடிச்சிக்கிட்டே இருந்தேன்.”